மால் வந்தால் தெருக்கடை என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய மால் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே கடைத்தெருவில் ஆளாளுக்கு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். “ஒரு வருஷம் தாங்கினால் போதும்” என்பார் ஒருவர். “இப்போதே கடையைக் கைமாற்றிவிடலாம்” என்பார் இன்னொருவர். வாங்குகிறவர்கள் பக்கம் வேறு கேள்விகள். இரு தரப்பிலும் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பல கடைகள் கொண்ட மாலும், எல்லாவற்றையும் தானே விற்கும் பெருங்கடையும் வேறு வேறுதான். ஆனால் பக்கத்துக் கடைக்காரருக்கு வரும் வலி ஏறக்குறைய ஒன்று என்பதால், தேவையான இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

மால் வந்தால் சின்னக் கடைகள் எல்லாம் மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

எல்லாம் மூடாது. எது மூடும், எது நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கென்னத் ஸ்டோன், 1980களின் இறுதியிலிருந்து வால்மார்ட் என்ற பெருங்கடை வந்த சிற்றூர்களின் விற்பனைக் கணக்கைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். பெருங்கடை விற்கும் அதே பொருளை விற்றவர்கள் அடிபட்டார்கள். அங்கே கிடைக்காததை வைத்திருந்தவர்கள், முக்கியமாக உணவகங்களும் மரச்சாமான் கடைகளும், முன்பைவிட நன்றாகவே வியாபாரம் பார்த்தார்கள். பெருங்கடைக்கு வந்த கூட்டத்தில் கொஞ்சம் அவர்கள் பக்கமும் ஒதுங்கியது.

அவர் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பெருங்கடை வந்த ஊரைவிட, அது வராத பக்கத்து ஊர்கள்தான் மோசமாக இழந்தன. அந்த ஊர்க்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பெருங்கடை இருக்கும் ஊருக்குப் போனார்கள். போன இடத்திலேயே சாப்பிட்டு, மற்றதையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஆகவே “நம்ம ஊருக்கு வரவில்லை, தப்பித்தோம்” என்று காலாட்டிக்கொண்டு உட்கார முடியாது.

விலை குறைவு என்பதால்தானே மக்கள் அங்கே போகிறார்கள்?

பாதிதான் சரி. விலை ஒரு காரணம். ஆனால் அதையே பெரிதாகப் பேசிப் பேசி, கடைக்காரர்கள் தவறான சண்டையில் இறங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பெருங்கடைகள் எல்லாப் பொருளுக்கும் விலை குறைப்பதில்லை. வாடிக்கையாளர் மனதில் விலை பதிந்திருக்கும் சில பொருள்கள் உண்டு. அடிக்கடி வாங்குவதால் ‘இது இவ்வளவுதான்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை. அவற்றில் மட்டும் லாபமே இல்லாமல், சில நேரம் நஷ்டத்துக்கும் விற்பார்கள். வாசலுக்கு நேரே அதைத்தான் அடுக்கியிருப்பார்கள். உள்ளே போகப் போக, யாருக்கும் விலை ஞாபகம் இல்லாத பொருள்களில் விட்டதைப் பிடித்துக்கொள்வார்கள். வெளியே வருபவர் மனதில் நிற்பது முதலில் பார்த்த விலைதான்.

இன்னொரு பாதி, ஆள் நடமாட்டம். சின்னக் கடைக்கு வருபவர்களில் எத்தனை பேர் அந்தக் கடையை நினைத்தே வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள்? கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வேறு வேலையாகப் போகிற வழியில் நுழைகிறவர்கள். துணிக்கடைக்கு வந்தவர் பக்கத்தில் செருப்புத் தைக்கக் கொடுப்பார். அதை வாங்கத் திரும்பி வரும்போது எதிரே பேட்டரி வாங்குவார். மால் வந்து துணிக்கடை வாடிக்கையை இழுத்துக்கொண்டால், செருப்புத் தைப்பவரோடு மாலுக்கு எந்தப் போட்டியும் இல்லாமலே அவர் வியாபாரம் போய்விடுகிறது. பேட்டரிக் கடைக்காரர் விலையைக் குறைத்துப் பயனில்லை. அந்த விலையைப் பார்க்க ஆள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் 1931-இல் இதற்கு நியூட்டனின் ஈர்ப்பு விதி மாதிரி ஒரு சூத்திரமே எழுதினார். ஒரு வணிக மையத்தின் இழுப்பு அதன் அளவுக்கு ஏற்பக் கூடும், தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது அதன் சாரம். இன்றும் மால் கட்டுவதற்கு இடம் பார்ப்பவர்கள் இதன் பேரப்பிள்ளைகளான சூத்திரங்களைத்தான் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள்.

என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள். ஆனால் கையில் ஒன்றும் நிற்கவில்லையே, ஏன்?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியமானது. ஒரு எழுதுபொருள் கடையை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 100 பங்கு. சரக்குக் கொள்முதலுக்கு 75 போகிறது. மீதி 25. அதில் வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து 17. கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போவது 8.

மால் வந்தபின் 5 பேரில் 1 ஆள் அங்கே போய்விட்டார். விற்பனை 80. கொள்முதலும் அதற்கேற்ப 60 ஆகக் குறைகிறது. மீதி 20. ஆனால் கட்டடக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் உங்கள் விற்பனை குறைந்தது தெரியாது. அந்த 17 அப்படியே நிற்கிறது. கையில் மிஞ்சுவது 3. விற்பனை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. வருமானம் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடை வழக்கம்போலத்தான் தெரியும். ஆள் நிற்கிறார்கள், வியாபாரம் நடக்கிறது. உள்ளே நடப்பதை அலமாரியில் பார்க்கலாம். முதலில் மெதுவாக விற்கும் சரக்கைக் கொள்முதல் செய்வதை நிறுத்துவார்: வரைபடத் தாள், மை நிரப்பும் பேனா, வருடத்துக்கு நாலு பேர் கேட்கும் பெரிய கணக்குப் பேரேடு. அடுத்து மொத்த வியாபாரிக்குப் பாக்கி தள்ளிப்போகும். அவர் கடனுக்குச் சரக்கு போடுவதைச் சுருக்குவார். இடைவெளி தெரியாமல் இருக்க, இருக்கிற பெட்டிகளை முன்னுக்கு இழுத்து ஒற்றை வரிசையாக அடுக்குவார். பின்னால் கை விட்டால் வெறும் பலகை. “அங்கே போனால் நாம் கேட்பது இருக்காது” என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது. அப்போது மாலுக்குப் போகாத வாடிக்கையாளரும் போக ஆரம்பிக்கிறார்.

பெருங்கடையில் விற்கிற விலை, எனக்கு மொத்த வியாபாரி தருகிற விலையைவிடக் குறைவாக இருக்கிறது. இது எப்படி முடியும்?

அளவுதான். லாரி லாரியாக நேரடியாகத் தயாரிப்பாளரிடம் எடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் விற்ற அளவுக்கு ஏற்பக் கழிவு, நல்ல இடத்தில் அடுக்கி வைக்க ஒரு தொகை, விளம்பரத்தில் படம் போட ஒரு தொகை என்று பின்கதவு வழியாக வரும் வருமானம் வேறு. பில்லில் இருக்கும் கொள்முதல் விலை ஒன்று. அவர்களுக்கு உண்மையில் அடங்கும் விலை வேறு. பெரியவருக்கு இறக்கிக் கொடுத்ததைத் தயாரிப்பாளர் சின்னவர்களிடம் ஏற்றி வாங்குகிறார் என்ற புகாரும் நெடுநாளாக உண்டு. தண்ணீர் மெத்தையில் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புவது மாதிரி.

இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 1936-இல் ராபின்சன்–பேட்மேன் சட்டம் வந்தது. ஒரே பொருளை ஒரே மாதிரி வாங்கும் இருவருக்குக் காரணமில்லாமல் வேறு வேறு விலை போடக்கூடாது என்பது அதன் கரு. சட்டம் இன்னும் இருக்கிறது. 1980களுக்குப் பிறகு அதை எடுத்துப் பயன்படுத்துவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அப்படியானால் இந்தச் சண்டை பழையதா?

மாலைவிடப் பழையது. பாரிசில் அரிஸ்டீட் பூசிகோ 1852-இல் பங்குதாரராகச் சேர்ந்து வளர்த்த லெ போன் மார்ஷே போன்ற அங்காடிகள் நிலையான விலை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், வாங்காமல் சுற்றிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தபோதே பக்கத்துச் சிறு துணிக்கடைகள் அலறின. 1920களில் அமெரிக்காவில் கோபம், ஒரே நிறுவனம் பல இடங்களில் நடத்தும் சங்கிலிக் கடைகள் மேல் திரும்பியது. இந்தியானா மாநிலம் 1929-இல் கடைகளின் எண்ணிக்கை கூடக் கூட உரிமக் கட்டணமும் ஏறும்படி சட்டம் போட்டது. 1931-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சங்கிலிக் கடைகள் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாகக் கட்ட ஆரம்பித்தன.

மால் என்ற யோசனையே கடைத்தெருவை அழிக்கத்தான் வந்ததா?

இல்லை, இதில் ஒரு சோகமான கதை இருக்கிறது. விக்டர் குரூயன் 1903-இல் வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர். 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். அங்கே எல்லாரும் காரிலேயே வாழ்வதைப் பார்த்து, மனிதர்கள் காலாற நடந்து, உட்கார்ந்து, பேசிக்கொள்ள இடமே இல்லையே என்று தவித்தார். வியன்னாவின் வீதிகளைப் போல ஒன்றைக் கூரை போட்டுக் கொடுப்போம் என்று மினியாபொலிஸ் நகருக்கு வெளியே ஈடைனாவில் சவுத்டேலை வடிவமைத்தார். 1956 அக்டோபரில் திறந்தது. முழுவதும் மூடப்பட்டு, வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட மால்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது.

அவருடைய வரைபடத்தில் மாலைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் இருந்தன. பணம் போட்டவர்கள் மாலை மட்டும் கட்டினார்கள். சுற்றிலும் கார் நிறுத்தும் தரை. போதாக்குறைக்கு, புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே அதிகமாகக் கழித்து வரியை மிச்சப்படுத்தலாம் என்று 1954-இல் சட்டம் மாறியிருந்தது. பழைய தெருவில் இருக்கும் கட்டடத்தைச் செப்பனிடுவதைவிட வெளியே புதிதாகக் கட்டுவது லாபம் என்று ஆயிற்று. தெருக்கடைக்காரர் தோற்றதில் அந்த வரிக் கணக்குக்கும் பங்கு உண்டு.

குரூயன் 1968-இல் வியன்னா திரும்பினார். 1976-இல் அந்த நகரத்தின் தெற்கு எல்லையிலேயே பெரிய மால் ஒன்று எழும்பியதைப் பார்க்கும்படி ஆயிற்று. இவற்றுக்கெல்லாம் என்னைத் தகப்பன் என்று சொல்லாதீர்கள் என்ற பொருளில் 1978-இல் பொது மேடையிலேயே பேசினார். இரண்டு வருடத்தில் இறந்துபோனார்.

மாலுக்குள்ளும் சின்னக் கடைகள் இருக்கின்றனவே. பேசாமல் அங்கேயே ஒரு கடை எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டு. மாலில் எல்லாரும் ஒரே வாடகை கொடுப்பதில்லை. கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. சில நேரம் கட்டட வேலைக்குப் பணமும் மால்காரரே கொடுப்பார். அந்தக் கூட்டத்தை நம்பி இடையில் இருக்கும் சின்னக் கடைகள்தான் பல மடங்கு கூடுதலாகக் கொடுத்து அதை ஈடுகட்டுகின்றன. இதில் அநியாயம் மட்டும் பார்க்க வேண்டாம், கணக்கும் இருக்கிறது: பெரிய கடையால் வரும் நடமாட்டத்துக்குச் சின்னக் கடை விலை கொடுக்கிறது. தெருவில் அது இலவசமாகக் கிடைத்தது.

அடிப்படை வாடகை போக, விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அதில் சதவீதம் கேட்பார்கள். அதனால் உங்கள் கல்லாக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பொதுப் பராமரிப்புக் கட்டணம் தனி. மால் திறந்திருக்கும் நேரமெல்லாம் நீங்களும் திறந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு விசேஷம், உடம்பு சரியில்லை என்று ஷட்டரை இறக்க முடியாது. நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி: பெரிய கடை வெளியேறினால் என் வாடகை குறையுமா, நானும் வெளியேறலாமா? பெரிய சங்கிலி நிறுவனங்கள் இந்த ஷரத்தைக் கேட்டு வாங்கிவிடுகின்றன. சின்னவர்கள் கேட்பதே இல்லை.

மால் வந்தால் வேலைவாய்ப்பு கூடும் என்கிறார்களே?

கூடும், ஆனால் திறப்பு விழாவில் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். எமெக் பாஸ்கர் என்ற பொருளியலாளர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் ஒரு மாவட்டத்துக்குள் வால்மார்ட் வந்தால் என்ன ஆகிறது என்று கணக்கிட்டது. வந்த ஆண்டில் சில்லறை வணிகத்தில் சுமார் 100 வேலைகள் கூடின. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மற்றக் கடைகள் மூடவும் ஆள் குறைக்கவும், அதில் பாதி கரைந்தது. மொத்த வியாபாரத்தில் சுமார் 20 வேலைகள் போயின.

அந்த 20-ஐ யாரும் கவனிப்பதில்லை. பெருங்கடைக்குச் சொந்தக் கிடங்கு, சொந்த லாரி உண்டு. உள்ளூர் மொத்த வியாபாரி அதற்குத் தேவையில்லை. நாற்பது சின்னக் கடைகளை நம்பி ஒரு மொத்த வியாபாரி இருப்பார். அதில் பதினைந்து மூடினால் அவரும் மூடுவார். அப்புறம் மிச்சமிருக்கும் இருபத்தைந்துக்கும் சரக்கு போட ஆள் இல்லை.

வாங்குகிறவனுக்கு லாபம்தானே? நான் ஏன் கடைக்காரருக்காகக் கவலைப்பட வேண்டும்?

நியாயமான கேள்வி. குறைந்த விலை, நிறையத் தேர்வு, சுத்தமான கழிப்பறை, மழையிலும் வெயிலிலும் நிம்மதி: இவை உண்மையான லாபங்கள். சின்னக் கடை என்றாலே அன்பும் நேர்மையும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எடையில் அடிப்பவரும், சில்லறை இல்லை என்று எதையாவது திணிப்பவரும், நாலு பொருளை எடுத்துக் காட்டச் சொன்னால் முகம் சுளிப்பவரும் அங்கேயும் உண்டு.

ஆனால் லாபம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. வண்டி இருப்பவருக்கு முழுதாக வரும். வண்டி ஓட்ட முடியாத முதியவருக்கும், கைக்குழந்தையோடு இருப்பவருக்கும், வாரக் கூலிக்காரருக்கும், நடந்து போகும் தூரத்தில் இருந்த கடை மூடியது நட்டம் மட்டுமே. பெருங்கடையில் ஒற்றையாக ஒரு பேட்டரி வாங்க முடியாது. எட்டு கொண்ட அட்டைதான். நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் கொடுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வட்டியில்லாத அந்தச் சின்னக் கடன் எந்த விலை ஒப்பீட்டிலும் வராது.

அரசு சட்டம் போட்டுத் தடுக்க முடியாதா?

பல நாடுகள் போட்டுப் பார்த்துவிட்டன. கிடைத்த பாடங்கள் கலவையானவை.

பிரான்சில் 1973-இல் வந்த ருவாயே சட்டம், 1,500 சதுர மீட்டருக்கு மேல் விற்பனைத் தளம் உள்ள கடைக்கு உள்ளூர்க் குழு ஒன்றின் அனுமதி வேண்டும் என்றது. சின்ன ஊர்களுக்கு வரம்பு 1,000. குழுவில் சிறு வணிகர்களும் உட்கார்ந்தார்கள். 1996-இல் வரம்பு 300 ஆகக் குறைந்தது. விளைவு? ஏற்கெனவே உள்ளே இருந்த பெரிய நிறுவனங்களுக்குப் புதுப் போட்டியாளர் வராமல் போனார்கள். இந்தக் கட்டுப்பாடு சில்லறை வணிகத்தில் வேலைகள் வளர்வதைத் தடுத்தது என்று பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ரானும் ஃபிரான்சிஸ் கிரமார்சும் 2002-இல் காட்டினார்கள். 2008-இல் வரம்பு மறுபடி 1,000-க்கு ஏறியது.

ஜப்பானில் 1973-இல் நிறைவேறிய பெருங்கடைச் சட்டமும் அதே மாதிரிதான், பக்கத்துக் கடைக்காரர்களின் சம்மதத்துக்காகப் பெரிய கடைகளை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்தது. அமெரிக்காவின் நெருக்குதலில் 1990களில் தளர்ந்து, 2000-இல் முடிவுக்கு வந்தது. புறநகரில் பெரிய மால்கள் முளைத்தன. ஊர் நடுவே ஷட்டர்கள் இறங்கியே கிடக்கும் வீதிகளுக்கு அங்கே ‘ஷட்டர் தெரு’ என்று பெயரே வந்துவிட்டது. 2006-இல் மறுபடி நகரத் திட்டமிடல் சட்டத்தைத் திருத்தி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை எங்கே வரலாம் என்று இறுக்கினார்கள்.

தென்கொரியா வேறு வழி: 2012 முதல் பெருங்கடைகள் மாதத்தில் இரண்டு நாள் மூட வேண்டும். அநேக ஊர்களில் அது ஞாயிறு. 2018-இல் அரசமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் 2023-இல் டேகு நகரம் விடுமுறையைத் திங்களுக்கு மாற்றிவிட்டது. ஞாயிறு மூடினால் மக்கள் பழைய சந்தைக்குப் போவார்கள் என்று நினைத்தார்கள். பலர் போனில் ஆர்டர் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார்கள்.

எனக்கு மிகவும் யோசிக்கத் தந்தது இங்கிலாந்து. அங்கே 1996 முதல், ஊர் நடுவில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே அனுமதி என்ற விதி இறுகியது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருளியலாளர் ராஃபெல்லா சாடுன் 2015-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது: வெளியே பெரிதாகக் கட்ட முடியாத சங்கிலி நிறுவனங்கள், ஊருக்குள் சின்னச் சின்னக் கிளைகளாக வந்துவிட்டன. தூரத்தில் இருந்த பெருங்கடையைவிட, எதிர் வரிசையில் வந்த இந்தக் கிளைதான் தனிக் கடைகளை அதிகம் அடித்தது.

ஆகவே ‘எவ்வளவு பெரிது’ என்று மட்டும் அளந்து போடும் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. எங்கே வருகிறது, அதன் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, கார் நிறுத்த யார் செலவழிக்கிறார்கள் என்று கேட்கும் சட்டம் மேல்.

மாலை ஊருக்கு நடுவிலேயே கட்டினால் பிரச்சினை தீருமா?

வாசலைப் பொறுத்தது. தெருவைப் பார்த்துப் பல கதவுகள் இருந்து, வண்டி நிறுத்துமிடம் கொஞ்சம் தள்ளி இருந்தால், மக்கள் தெருவில் நடந்து மாலுக்குள் போய், மறுபக்கம் வெளியே வருவார்கள். அது கடைத்தெருவுக்குச் சாப்பாடு. தெருப்பக்கம் ஜன்னல்கூட இல்லாத நெடுஞ்சுவர், அடித்தளத்தில் பார்க்கிங், அங்கிருந்து நேரே லிஃப்ட் என்று கட்டினால், ஊர் நடுவில் இருந்தும் அது ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. சுவருக்கு எதிரே இருக்கும் கடைகள் முதலில் போகும்.

தெருவுக்குள் வண்டிகள் வராமல் தடுத்து, நடைபாதை வீதியாக மாற்றினால்?

சில இடங்களில் பலித்தது, பல இடங்களில் இல்லை. அமெரிக்காவில் முதல் முயற்சி 1959-இல் கலமாசூ நகரத்தில். அதற்கு யோசனை சொன்னதும் நம் குரூயன்தான். பல நகரங்கள் பின்பற்றின, பெரும்பாலானவை பிறகு வண்டிகளைத் திரும்ப விட்டன. கலமாசூவும் 1998-இல் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. பக்கத்திலேயே நிறையப் பேர் குடியிருந்து, பேருந்தும் நன்றாக வந்தால் நடைவீதி நிற்கும். இல்லாவிட்டால் மாலை ஏழு மணிக்குக் காலியாகிவிடும்.

சின்னக் கடைக்காரர்கள் சேர்ந்து ஏதாவது செய்து ஜெயித்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், இரண்டு வழிகளில்.

ஒன்று, சேர்ந்து வாங்குவது. ஜெர்மனியின் எடெகா 1898-இல் பெர்லின் சிறு வணிகர்களின் கொள்முதல் கூட்டுறவாகத் தொடங்கியது. இன்று அந்த நாட்டுக்குள் மளிகைச் சில்லறை விற்பனையில் முதலிடம் அதற்குத்தான். ஸ்பார் 1932-இல் நெதர்லாந்தில், சங்கிலிக் கடைகளை எதிர்க்க ஒரு மொத்த வியாபாரியும் தனிக் கடைக்காரர்களும் கைகோத்ததில் பிறந்தது. கடை அவரவருக்குச் சொந்தம், கொள்முதலும் பெயர்ப்பலகையும் பொது. வெளியிலிருந்து பார்த்தால் இவையும் சங்கிலிக் கடை போலவே இருக்கும் என்பது ஒரு வேடிக்கை.

இரண்டாவது, சேர்ந்து தெருவைப் பார்த்துக்கொள்வது. கனடாவின் டொராண்டோவில் புளூர் வீதியில் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. 1960களில் அதை எடுத்துவிட்டுச் சுரங்க ரயில் விட்டார்கள். டிராம் ஜன்னலிலிருந்து கடைகளைப் பார்த்துக்கொண்டே போன கூட்டம் பூமிக்கு அடியில் போய்விட்டது. அதே சமயம் புறநகரில் மால்கள் வந்தன. கடைக்காரர்கள் நன்கொடை வசூலித்து விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். கொடுப்பவர் கொடுத்தார், மற்றவர் அந்த வெளிச்சத்தில் வியாபாரம் பார்த்தார். அதனால் எல்லாரிடமும் கட்டாயமாக வசூலிக்கும்படி நகராட்சியையே கேட்டார்கள். வரியோடு சேர்த்து வசூலித்து, கடைக்காரர்களின் குழுவிடமே செலவழிக்கத் தருவது என்று 1970-இல் ஏற்பாடானது. விளக்கு, இருக்கை, மரம், திருவிழா. உலகில் இப்படிப்பட்ட முதல் அமைப்பு அதுதான். இன்று பல நாடுகளில் இருக்கிறது. விலைச் சண்டையை விட்டுவிட்டு நடமாட்டத்தைத் திரும்பக் கூட்டி வந்தார்கள் என்பதால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

இப்போது ஆன்லைன் வந்துவிட்டது. மாலே மூடுகிறதே, இனி எதற்கு இந்தப் பேச்சு?

மால் மூடினால் தெருக்கடை திரும்பி வந்துவிடாது. ஒஹாயோ மாநிலத்தில் 1976-இல் திறந்த ராண்டல் பார்க் மால் அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய மால்களில் ஒன்று. 2009-இல் மூடியது, இடித்தார்கள். அந்த நிலத்தில் இப்போது இருப்பது அமேசானின் கிடங்கு. மாலுக்கும் சின்னக் கடைக்கும் அடித்தளம் ஒன்றுதான்: ஆள் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும்.

சரி, ஆறு மாதத்தில் மால் திறக்கிறது. தனி ஆளாக என் கடையில் நான் என்ன செய்ய?

முதலில் எண்ணுங்கள். ஒரு வாரம், ஒரு நோட்டில் நாளைக்கு மூன்று வேளை, அரை மணி நேரம் கடை முன்னால் எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று குறியுங்கள். மால் திறந்த பிறகும் அதையே செய்யுங்கள். கடப்பவர் குறைந்து, உள்ளே வரும் விகிதம் அப்படியே இருந்தால் பிரச்சினை தெருவில். கடப்பவர் அதே அளவு இருந்து, நுழைபவர் குறைந்தால் பிரச்சினை கடையில். இரண்டுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் கடன் வாங்கிக் கடைக்குக் கண்ணாடியும் ஏ.சி.யும் போட்டவர்கள் நிறைய.

அடுத்து, நீங்கள் விற்பதில் எதை மாலும் விற்கும் என்று பட்டியல் போடுங்கள். எல்லாருக்கும் விலை தெரிந்த பொருள்களில் போட்டிபோட வேண்டாம். அவற்றை வைத்திருங்கள், ஆனால் குறைவாக. பழுது பார்ப்பது, அளவெடுத்துச் செய்வது, ஒற்றையாகக் கொடுப்பது, வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுப்பது போன்றவற்றை வாசலில் எழுதி வையுங்கள். பத்து வருஷமாக வரும் வாடிக்கையாளருக்கே நீங்கள் சாவி போடுவீர்கள் என்று தெரியாமல் இருக்கும்.

வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். மால் திறப்பதற்கு முன் நீண்ட ஒப்பந்தம் போடாதீர்கள். திறந்து சில மாதம் கழித்துக் கட்டடக்காரரிடம் பேசினால், பக்கத்தில் இரண்டு ஷட்டர் இறங்கியிருப்பதை அவரும் பார்த்திருப்பார். திறந்த முதல் மூன்று மாதக் கணக்கை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், அப்போது ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருக்கும். ஒரு போணிகூட ஆகாத காலைகள் வரும். அந்த மூன்று மாத வாடகையையும் சம்பளத்தையும் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், சரக்கில் போட்டுவிடாதீர்கள்.